குவாண்டம் வந்தால் எல்லாம் பத்திரமா?

மட்டக்களப்பில் ஐ.டி. படிக்கிற பிள்ளைகளிடம் குவாண்டம் தொடர்பாடல் என்று வாயைத் திறந்தால், “இனி எங்கட மெசேஜ் போட்டனில போகும், ஒருத்தராலயும் பிடிக்க ஏலாது” என்பார்கள். போட்டன் என்றால் ஒளியின் ஒரு துகள். அதில் போவது மெசேஜ் அல்ல, அதைப் பூட்டும் திறப்பு (சாவி). 1984இல் பெனெட், பிரசாட் என்ற இரு விஞ்ஞானிகள் வகுத்த முறையில், தனித்தனிப் போட்டன்களை அனுப்பி இரு பக்கமும் ஒரே இரகசிய எண்வரிசையை எடுத்துக்கொள்வார்கள்; அதுதான் திறப்பு. இடையில் யாராவது அளந்து பார்த்தால் பிழைகள் கூடிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் திறப்பைக் கைவிடலாம். பூட்டிய மெசேஜ் வழமையான இணையத்திலேயே போகும்.

தூரத்தை மறப்பது இன்னும் பெரிய பிழை. கொழும்புக்கு வீதியால் 300 கிலோமீற்றருக்கு மேல். நல்ல பைபரிலும் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் இழப்பு உண்டு. 100 கி.மீ. போனால் நூறில் ஒரு போட்டன்தான் மிஞ்சும், 300 போனால் பத்து இலட்சத்தில் ஒன்று. சாதாரண சிக்னலை வழியில் அம்ப்ளிஃபையர் வைத்துப் பெருக்கலாம். தனிப் போட்டனுக்கு அது சரிவராது: பெருக்குவதென்றால் பிரதியெடுக்க வேண்டும், தெரியாத குவாண்டம் நிலையைப் பிரதியெடுக்க இயற்கை விடாது. ஒட்டுக்கேட்பவனைத் தடுக்கிற அதே விதி நம் காலையும் கட்டிவிடுகிறது. அதனால்தான் பெய்ஜிங்–ஷாங்காய் பாதையில் (சுமார் 2,000 கி.மீ.) இடையிடையே நிலையங்கள் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் திறப்பு வெளிப்பட்டு, மறுபடி பூட்டப்பட்டுப் போகிறது. நமக்கு அப்படியொன்றை மகா ஓயாவில் வைத்தால், அந்த அறைக்குள் போய்வருகிற ஆளையும் நம்ப வேண்டும். 2017இல் பெய்ஜிங்கையும் வியன்னாவையும் இணைத்த சீனாவின் மிசியஸ் செய்மதியும் அப்படி நம்ப வேண்டிய இடைத்தரகர்தான்.

மறுமுனையில் இருப்பது உண்மையில் வங்கிதானா என்பதையும் போட்டன் சொல்லாது. அதற்கு வேறாக அடையாளச் சோதனை வேண்டும். கருவியும் ஏமாறும்: 2010இல் விற்பனையில் இருந்த கருவிகளின் உணரிகளைப் பிரகாசமான ஒளியால் குருடாக்கி, பிடிபடாமலே திறப்பைக் கறக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது, இந்தக் கருவிகள் இங்கு வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பது. போதிய வலுவுள்ள குவாண்டம் கணினி வந்தால் இணையத்தில் பரவலாகப் பயன்படுகிற ஆர்எஸ்ஏ என்ற கணிதப் பூட்டு உடையும் என்பது 1994இல் கணிதவியலாளர் ஷோர் காட்டியது. இன்று திருடி வைக்கிற ஆஸ்பத்திரிப் பதிவையும் காணி உறுதியையும் அன்று ஆறுதலாகத் திறந்து பார்க்கலாம். இதற்கு மருந்து, குவாண்டம் கணினிக்கும் தாக்குப்பிடிக்கும்படி வகுத்த புதிய கணிதப் பூட்டுகள். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2024 ஓகஸ்டில் அவற்றுக்குத் தரம் வகுத்துவிட்டது. சிக்னல் என்ற மெசேஜ் செயலி 2023இலேயே அந்த வகைப் பூட்டுக்கு மாறத் தொடங்கியது. வெறும் மென்பொருள்தான், புதுக் கேபிள் இழுக்கத் தேவையில்லை. கல்முனையில் கடை வைத்திருப்பவர் அப்டேட்டைத் தள்ளிப்போடாமல், ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை மாற்றினாலே இப்போதைக்குப் பெரிய காரியம். “குவாண்டம் பாதுகாப்பு” என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியோடு யாரும் வந்தால், உள்ளே எம்.எல்.-கெம் (நிஸ்ட் தரம் வகுத்த அந்தப் புதிய பூட்டுகளில் ஒன்று) இருக்கிறதா என்று கேளுங்கள். முழித்தால் அனுப்பிவிடுங்கள்.