பதவி பறிபோன பயிற்சியாளர் மீண்டும் களமிறங்கும் முன்

பதவி பறிபோன முதல் வாரத்தில் ஒரு பயிற்சியாளர் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: நிர்வாகம், நடுவர், மழை, வீரர்களின் காயம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, தோல்விக்கு இட்டுச்சென்ற முடிவுகளில் தாம் எடுத்தவை எவை என்பதை, எந்த ஆட்டம், எந்த நிமிடம் என்ற குறிப்போடு ஒரு நோட்டில் எழுதிவிட வேண்டும். ஆறு மாதம் தள்ளிப்போட்டால் நினைவு நமக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும்.

இப்படித் தவற்றைப் பிரித்துப் பார்ப்பதன் பயனை அறிய, இங்கிலாந்து கால்பந்து வீரராகவும் பின்னர் அதன் பயிற்சியாளராகவும் இருந்த கேரத் சவுத்கேட்டைப் பார்க்கலாம். 1996 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துக் கோப்பை) அரையிறுதியில், லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில், ஆட்டம் சமனானதால் வந்த பெனால்டி ஷூட்-அவுட்டில் அவர் அடித்த பெனால்டியை ஜெர்மனியின் கோல்கீப்பர் தடுத்தார், இங்கிலாந்து வெளியேறியது. பயிற்சியாளரான பிறகும் அடி விழுந்தது. 2009இல் மிடில்ஸ்பரோ அணி பிரீமியர் லீக்கிலிருந்து கீழிறங்கியது. அக்டோபரில் அவர் நீக்கப்பட்டார்.

2013இல் இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணியை அவர் ஏற்றார். இளையோர் அணிக்குப் போவதைக் கௌரவக் குறைச்சலாக எண்ணாதீர்கள். கூட்டமும் கேமராவும் குறைவாக உள்ள இடத்தில்தான் பழைய தவற்றைப் பிரித்துப் பார்க்க நேரம் கிடைக்கும். மூன்று ஆண்டுகளில் தேசிய அணியே அவர் கைக்கு வந்தது.

பெனால்டி என்றாலே அதிர்ஷ்டம் என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. யார் அடிப்பது, எந்த வரிசையில் அடிப்பது, நடுக்கோட்டிலிருந்து தனியாக நடந்துவரும் அந்த நீண்ட நேரத்தை எப்படித் தாங்குவது, விசில் ஊதியதும் பதறி ஓடாமல் மூச்சை நிதானப்படுத்திக்கொள்வது எப்படி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பயிற்சியில் கொண்டுவந்தார். 2018 ஜூலை 3 அன்று மாஸ்கோவில் கொலம்பியாவைப் பெனால்டியில் 4-3 என்று வென்றபோது, உலகக் கோப்பையில் இங்கிலாந்து பெற்ற முதல் பெனால்டி ஷூட்-அவுட் வெற்றி அதுவாயிற்று. உங்களை வீழ்த்தியது கடைசி ஓவராகவோ கபடியின் கடைசி ரெய்டாகவோ இருந்தாலும் இதே முறையில் பிரியுங்கள். ‘மனஉறுதி போதவில்லை’ என்று எழுதினால், அதை வைத்து நாளை எந்தப் பயிற்சியும் கொடுக்க முடியாது.

காத்திருப்பு நீளலாம். 1999 ரஞ்சி கிரிக்கெட் இறுதியாட்டத்தில் பெங்களூருவில் மத்தியப் பிரதேசத்தின் கேப்டனாகத் தோற்ற சந்திரகாந்த் பண்டிட், 2017இல் மும்பையின் பயிற்சியாளர் பொறுப்பையும் இழந்தவர். அடுத்த இரண்டு ஆண்டும் விதர்பாவுக்குக் கோப்பையைப் பெற்றுத்தந்த அவர், 2022இல் அதே பெங்களூரு மைதானத்தில் மத்தியப் பிரதேசத்தின் பயிற்சியாளராக மும்பையையே வென்றார்.

மீண்டும் அணி கிடைத்தபின், அடுத்த தோல்வி வரும் நாளுக்கான முதல் வாக்கியத்தை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். 2021இல் நடந்த யூரோ 2020 இறுதியாட்டத்தில் இங்கிலாந்து இத்தாலியிடம் பெனால்டியில் தோற்றபோது, கடைசி உதையைத் தவறவிட்ட இங்கிலாந்து வீரர் சாகாவுக்கு வயது 19. சவுத்கேட் மைதானத்திலேயே அவரை அணைத்துக்கொண்டார்; பின்னர், அடிப்பவர்களைத் தேர்ந்தெடுத்தவர் தாமே என்றும், பொறுப்பு தம்முடையதே என்றும் வெளிப்படையாகச் சொன்னார்.