கேட்காத கேள்விக்குப் பதில் வராது: வங்கதேசக் குழாய்க்கிணறுகளும் நீர் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

நல்ல எண்ணத்தில் தொடங்கிய வேலைதான். 1970-களில் வங்கதேசக் கிராமங்களில் குளத்துத் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையும் குடித்துவிட்டு, காலராவிலும் பேதியிலும் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். யுனிசெஃப்பும் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் சேர்ந்து ஊர் ஊராகக் குழாய்க்கிணறு போட்டன. நம் ஊர் அடிபம்பு மாதிரிதான் இருக்கும். வண்டல் மண் என்பதால் துளை போடுவது சுலபம், செலவும் குறைவு. கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் வீட்டு முற்றத்திலேயே சொந்தமாக ஒன்று போட்டுக்கொண்டார்கள். 2000 வாக்கில் நாடு முழுக்க ஏறத்தாழ ஒரு கோடிக் கிணறுகள்.

அந்தத் தண்ணீரில் கிருமி குறைவு. அது உண்மை. ஆனால் 'கிருமி இல்லை' என்ற பதிலை எல்லோரும் 'நல்ல தண்ணீர்' என்று எழுதிக்கொண்டார்கள். மண்ணிலிருந்தே நீரில் இறங்கும் நஞ்சான ஆர்சனிக் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் மேற்கு வங்கத்தில் 1983-லேயே கொல்கத்தாத் தோல் மருத்துவர் கே.சி. சாஹா ஆர்சனிக் நோயாளிகளை அடையாளம் கண்டிருந்தார். வங்கதேசத்தில் சாபாய் நவாப்கஞ்ச் மாவட்டத்துக் கிணற்றில் அது கண்டுபிடிக்கப்பட்டது 1993-ல். ஒரே டெல்டா, ஒரே வண்டல், நடுவில் ஒரு கோடு. பத்து வருஷம் போய்விட்டது.

நீர், சுகாதாரம் என்று ஆய்வுக்கு இறங்குகிறவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. இதில் நடந்த தவறுகளில் பெரும்பாலானவை மெஷின் செய்த தவறுகள் அல்ல. ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலை இன்னொரு கேள்விக்கும் பதிலாக எடுத்துக்கொண்டதுதான் சிக்கல்.

சோதிக்காததை 'இல்லை' என்று படிப்பது

1992-ல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் வங்கதேசத்தில் 150 கிணறுகளின் நீரைப் பரிசோதித்தது. பல நச்சுத் தனிமங்களைப் பார்த்தது. ஆர்சனிக் அந்தப் பட்டியலில் இல்லை. பிற்பாடு பாதிக்கப்பட்ட ஒருவர் லண்டனில் வழக்குப் போட்டார். 2006-ல் பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆர்சனிக்கைப் பற்றி வாயே திறக்காத அறிக்கை, குடிக்கிறவர்களுக்கு எந்த உத்தரவாதமும் கொடுக்கவில்லை என்பது வாதத்தின் சாரம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆய்வு செய்கிறவன் அதை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ள முடியாது. அறிக்கையில் நச்சுப் பொருள்களின் நீண்ட அட்டவணை இருந்தால், படிக்கிறவர் அதில் இல்லாததையும் 'பார்த்திருப்பார்கள்' என்றே நினைப்பார். எதைச் சோதிக்கவில்லை என்பதை முதல் பக்கத்தில், கண்ணில் படும் இடத்தில் எழுதிவிடுங்கள். ஒரு வரி போதும்.

பாட்டிலின் அடியில் தங்கும் துரு

இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அடிபம்பிலிருந்து பிடிக்கும்போது தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். பூமிக்குள் காற்று படாமல் இருந்ததால் அதில் உள்ள இரும்பு கரைந்தே இருக்கிறது. காற்றுப் பட்டதும் மெல்லக் கலங்கி, செம்பழுப்பாகி, மறுநாள் பார்த்தால் பாட்டிலின் அடியில் துரு மாதிரி ஒரு படிவு. இரும்பு தனியாகப் படிவதில்லை, ஆர்சனிக்கையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பாட்டிலை அப்படியே லேபுக்குக் கொண்டுபோய், மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்து அளந்தால் எண் அழகாகக் குறைந்து வரும். விஷமான கிணறு தாளில் நல்ல கிணறாகிவிடும்.

அதனால்தான் பிடித்த கையோடு சுத்தமான அமிலம் சில துளி விட்டு, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 2-க்குக் கீழே கொண்டுவருகிறார்கள். அப்போது இரும்பு படியாமல் கரைந்தே நிற்கும். களத்தில் விடாமல் வந்துவிட்டால், லேபில் அதே பாட்டிலுக்குள் அமிலம் விட்டுச் சில நாள் வைத்து, படிவு முழுக்கக் கரைந்த பிறகு அளக்கலாம். வேறு பாட்டிலுக்கு மட்டும் மாற்றிவிடாதீர்கள், துரு பழைய பாட்டிலிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம், பிடிப்பதற்கு முன்னால் சில நிமிஷமாவது அடித்துவிட வேண்டும். இரவெல்லாம் குழாயில் தேங்கி நின்ற தண்ணீர் அந்தக் கிணற்றின் கதையைச் சொல்லாது.

வீடுகளில் இரவு குடத்தில் பிடித்து வைத்துக் காலையில் மேலாக ஊற்றிக் குடிக்கும் வழக்கம் உண்டு. இரும்பு நிறைய இருந்தால் அதுவும் கொஞ்சம் ஆர்சனிக்கைக் குறைக்கும். ஆனால் எவ்வளவு என்பது கிணற்றுக்குக் கிணறு மாறும், நம்பி இருக்க முடியாது. கொதிக்க வைத்தால் போய்விடும் என்பது அதைவிடப் பெரிய தவறு. கிருமி சாகும், தண்ணீர் வற்றும், ஆர்சனிக் அப்படியே நிற்கும். நிறமோ மணமோ ருசியோ இல்லாத பொருள் என்பதால் நாக்கும் உதவாது.

கிட்டை அவசரப்படுத்துவது

ஒரு கோடிக் கிணற்றையும் லேபில் சோதிக்க முடியாது, ஆகவே களக் கிட். பாட்டிலில் தண்ணீர், அமிலம், துத்தநாகத் தூள். கிளம்பும் வாயு மூடியில் செருகிய தாளில் பட்டு, ஆர்சனிக்கின் அளவுக்கேற்ப மஞ்சளிலிருந்து பழுப்பு வரை நிறம் ஏறும். டாக்காவுக்குப் பக்கத்தில் ஆராய்ஹஜார் பகுதியில் சுமார் 800 கிணறுகளில் இந்த வகைக் கிட் ஒன்றை லேப் முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 88 சதவீதம் சரி. பிசகியவை பெரும்பாலும் லிட்டருக்கு 50-க்கும் 100 மைக்ரோகிராமுக்கும் நடுவில் ஆர்சனிக் இருந்த கிணறுகள், அவற்றைக் கிட் குறைத்துக் காட்டியது. செய்முறைத் தாளில் போட்டிருந்த 20 நிமிஷம் போதவில்லை, 40 நிமிஷம் விட்டால் முடிவு மேம்பட்டது.

வெயிலில் ஒரு நாளைக்கு இத்தனை கிணறு முடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்து ஆளை அனுப்பினால், அவர் 40 நிமிஷம் நிற்பாரா? குற்றம் அவர்மேல் இல்லை. இலக்கு வைத்தவருக்கு நேரக் கணக்குத் தெரியவில்லை.

சராசரியை வைத்து ஊருக்குத் தீர்ப்பு

2001-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வில் 64 மாவட்டங்களில் 61-ஐச் சேர்ந்த 3,534 கிணறுகள் சோதிக்கப்பட்டன. 150 மீட்டருக்கும் குறைந்த ஆழமுள்ள கிணறுகளில் 27 சதவீதம், வங்கதேச வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. உலக சுகாதார அமைப்பின் வரம்பு 10. அதை வைத்துப் பார்த்தால் 46 சதவீதம். நாட்டுக்குக் கொள்கை வகுக்க இது அருமையான ஆய்வு. ஒரு வீட்டுக்காரர் தன் கிணற்றைத் தெரிந்துகொள்ள இது உதவாது.

காரணம் தரையில் இருக்கிறது. இமயமலையிலிருந்து வந்த வண்டலில், இரும்புத் துருப் பூச்சில் ஆர்சனிக் ஒட்டியிருக்கிறது. மண்ணில் மக்கும் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் அந்தத் துருவைக் கரைக்க, ஆர்சனிக் நீரில் இறங்குகிறது. ஆறு எந்தக் காலத்தில் எங்கே வளைந்து, எதைக் கொட்டிவிட்டுப் போனது என்பதைப் பொறுத்து பத்தடிக்குப் பத்தடி நிலைமை மாறும். உங்கள் கிணறு 300, பக்கத்து வீட்டில் 5 என்பது அங்கே சாதாரணம். ஆராய்ஹஜாரில் சுமார் 5,000 கிணறுகளைச் சோதித்தபோது பாதிக்குமேல் வரம்பைத் தாண்டியிருந்தன. ஆனாலும் 88 சதவீத மக்களுக்கு 100 மீட்டருக்குள் ஒரு நல்ல கிணறு இருந்தது. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் 'ஊரே போச்சு' என்று கைவிட்டிருப்பார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்ததால்தான் 'பக்கத்து வீட்டில் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல முடிந்தது. காசு செலவில்லாத மருந்து.

செலவில்லை என்றேன், முழுக்கச் சரியல்ல. அடுத்தவர் முற்றத்துக்குப் போய்த் தண்ணீர் பிடிப்பது யார்? பெரும்பாலும் பெண்கள். அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா, பர்தா முறைப்படி அங்கே போகலாமா, இடுப்பில் குடத்தோடு எத்தனை நடை? நிலப்படத்தில் 100 மீட்டர் என்று போட்டுவிட்டு, 'சொல்லியும் மாறவில்லையே' என்று மக்களைக் குறை சொல்லும் கட்டுரைகளைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

தோலைப் பார்த்து ஆளைக் கணக்கிடுவது

ஆர்சனிக் என்றதும் எல்லோரும் காட்டும் படம் உள்ளங்கையிலும் பாதத்திலும் தடித்த மருக்கள், நெஞ்சில் மழைத்துளி தெறித்த மாதிரிப் புள்ளிகள். இதைத் தொழுநோய் என்று ஒதுக்கினார்கள், சாபம் என்றார்கள், பெண்களுக்குக் கல்யாணம் தட்டிப்போனது. ஆனால் இது வெளியே தெரிகிற பகுதி மட்டும். பல வருஷம் குடித்தும் தோலில் ஒன்றும் தெரியாதவர்கள் ஏராளம். நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களும் இதய நோயும் மெல்ல வரும். சிலியின் அந்தோஃபகஸ்தா நகரம் 1958 முதல் 1970 வரை ஆர்சனிக் மிகுந்த ஆற்று நீரைக் குடித்தது. குழாய் நீர் சுத்தமாகிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அங்கே புற்றுநோய்ச் சாவு கூடுதலாகவே இருந்தது. ஆராய்ஹஜாரில் 2000-ல் தொடங்கி 11,746 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2010-ல் சொன்னது: அந்தக் குழுவில் நேர்ந்த மரணங்களில் சுமார் 21 சதவீதத்தை 10 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட தண்ணீரோடு சேர்த்துப் பார்க்கலாம். இரண்டு வருஷ நிதியில் தோலை மட்டும் பார்த்துவிட்டு வந்த ஆய்வுக்கு இந்த எண் கிடைத்திருக்காது.

'எந்தக் கிணற்றில் குடிக்கிறீர்கள்?'

கேள்வித்தாளில் இது ஒரு வரிக் கேள்வி. பதிலும் ஒரு வரியில் வரும்: 'எங்கள் கிணறுதான்.' ஆனால் பகலெல்லாம் வயலில் இருப்பவர் வயலோரக் கிணற்றில் குடிக்கிறார். பையன் பள்ளிக்கூடக் குழாயில். டீக்கடைத் தண்ணீர் வேறு. அப்புறம் சோறு. நெற்பயிரே ஆர்சனிக்கை உறிஞ்சும், பாசனக் கிணறும் அதே பூமியிலிருந்துதானே இறைக்கிறது. நல்ல தண்ணீரை நிறைய வைத்துக் கஞ்சி வடித்தால் அரிசியில் இருப்பது கொஞ்சம் இறங்கும். கெட்ட தண்ணீரில் வேகவைத்தால் சோற்றில் ஏறும். வங்காளிகளும் நம்மைப் போலப் பழைய சோறு சாப்பிடுகிறவர்கள், 'பாந்தா பாத்' என்பார்கள். இரவெல்லாம் அது எந்தத் தண்ணீரில் ஊறியது என்று எத்தனை கேள்வித்தாள் கேட்கிறது?

சிறுநீரைச் சோதித்தால் இதெல்லாம் சேர்ந்து தெரியும் என்பது சரி. அதிலும் மொத்த ஆர்சனிக்கை மட்டும் அளந்தால் ஏமாறலாம். கடல் மீன் தின்றவர் சிறுநீரில் எண் எகிறும். மீனில் இருப்பது பெரும்பாலும் உடம்பைக் கெடுக்காத கரிம வடிவம், கிணற்றில் இருப்பது கனிம வடிவம். இரண்டையும் பிரித்து அளக்க வேண்டும்.

ஒரு விஷத்துக்குப் பயந்து இன்னொன்றுக்கு

ஆர்சனிக் உள்ள கிணற்றை மூடிவிட்டு மக்களைக் குளத்துக்குத் திருப்பினால் 1970-க்குத் திரும்பிய மாதிரி. மணல் வடிகட்டி போட்ட குளம், திறந்த உறைகிணறு எல்லாவற்றிலும் ஆர்சனிக் குறையும், கிருமி கூடும். மாற்று வழியைச் சோதிக்கும்போது இரண்டையும் ஒரே நாளில் சோதியுங்கள், அதுவும் மழைக்காலத்தில். வடிகட்டிக் கருவி என்றால் முதல் மாத முடிவோடு நிறுத்தாமல் ஒரு வருஷம் கழித்து, பராமரிப்பு சலித்துப்போன வீட்டில் சோதியுங்கள். ஆழ்கிணறு நல்ல வழிதான்: 150 மீட்டருக்குக் கீழே போனவற்றில் சுமார் 1 சதவீதமே வரம்பைத் தாண்டின. ஆனால் ஆழம் என்பது துளை போட்டவர் வாயால் சொன்னதா, குழாயை எண்ணிப் பார்த்ததா? கடலோரமென்றால் உப்பு, சில இடங்களில் மாங்கனீசு என்று வேறு தலைவலிகளும் உண்டு. அரசு போடும் ஆழ்கிணறு செல்வாக்குள்ளவர் வீட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்துகொள்வதை 2016-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு விரிவாகவே எழுதியது. நிலவியல் படித்தவர்கள் இதைத் தங்கள் பாடமாக நினைப்பதில்லை. நினைக்க வேண்டும்.

பெயின்ட் அடித்துவிட்டுப் போவது

1998-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, கெட்டதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் அடித்தார்கள். பெரிய காரியம். ஆனால் பெயின்ட் மழையிலும் வெயிலிலும் உரிந்துபோனது. பழைய கிணறு அடைத்துக்கொள்ள, பக்கத்திலேயே புதிதாக ஒன்று போட்டார்கள், அதற்கு நிறமே இல்லை. ஆராய்ஹஜாரின் அதே பகுதிக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் போனபோது கிணறுகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் கூடியிருந்தது. சிவப்புக் கிணற்றில் துணி துவைக்கலாம், குளிக்கலாம், குடிக்கவும் சமைக்கவும்தான் கூடாது என்பதைக்கூட பல இடங்களில் தெளிவாகச் சொல்லாமல் போயிருந்தார்கள்.

லேப் முடிவு பத்திரிகையில் வரும்வரை வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் வைத்திருப்பதும் இதே ரகம்தான். அந்த இடைவெளியில் அவர் அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறார். ஆராய்ஹஜாரில் பிற்பாடு பெயின்டை விட்டுவிட்டு உலோகத் தகடுகளுக்கு மாறினார்கள்: 10 வரை நீலம், 50 வரை பச்சை, அதற்கு மேல் சிவப்பு. கிணற்றோடு கம்பியால் கட்டிவிட்டால் நாலு மழைக்குத் தாங்கும். உங்கள் ஆய்வுக்கு நிதி கேட்டு எழுதும்போது அந்தத் தகடுக்கும் கம்பிக்கும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.