சுண்டெலி ஈரலில் எச்.ஜி.எஃப். சோதனை: குளிரிடம் ஏமாறாமல் செய்வது எப்படி

ஈரலுக்கு ரத்தம் நின்றபோது ஆகும் சேதம் ஒரு பங்கு. ரத்தம் திரும்பப் பாய்ந்த பிறகு ஆவது அதைவிடப் பெரிது. ஈரலிலேயே குடியிருக்கும் தற்காப்புச் செல்களான குப்ஃபர் செல்கள் கிளர்ந்தெழுகின்றன, பின்னாலேயே நியூட்ரோபில்கள் என்ற வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன. ஈரல் மாற்று அறுவையில் இதுதான் தலைவலி. எச்.ஜி.எஃப். (ஈரல் செல் வளர்ச்சிக் காரணி) என்ற புரதம், செல்லின் மேலுள்ள சி-மெட் ஏற்பியைத் தூண்டி, ஈரல் செல் சாவதைத் தடுக்கப் பார்க்கிறது. அதைச் சோதிக்கக் கோவை, ஈரோடு பக்கம் ஆய்வு தொடங்கும் மாணவர்களுக்கான குறிப்பு இது. விலங்கு நெறிக்குழு அனுமதி கைக்கு வந்த பிறகே தொடங்குங்கள்.

முதலில் புரதம். குப்பியைத் திறக்குமுன் ஒரு சுற்று சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுங்கள். பொடி மூடியில் ஒட்டியிருக்கும். 0.1% ஆல்புமின் புரதம் கலந்த பஃபர் கரைசலில் கரைத்து, ஒருமுறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஆல்புமின் இல்லாவிட்டால் புரதம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், எலிக்குப் போவது வெறும் பஃபர்தான். உருக்கியதைத் திரும்ப உறையவைக்காதீர்கள். கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே ஆல்புமின் பஃபரையே போடுங்கள். ஒரு எலிக்கு ஊசி போட்டு 10 நிமிடத்தில் ஈரலெடுத்து, வெஸ்டர்ன் பிளாட் என்ற புரதச் சோதனையில் பாஸ்போ சி-மெட் (தூண்டப்பட்ட சி-மெட்) பட்டை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்தக் குப்பியோடு மேலே போக வேண்டாம்.

அறுவை: 20 முதல் 25 கிராம் எடையுள்ள ஆண் எலி, ஐசோஃப்ளூரேன் மயக்கம், வலி தெரியாதிருக்க கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மில்லிகிராம் புப்ரினார்ஃபின். இடது, நடு மடல்களுக்குப் போகும் ரத்தக்குழாய்க் கொத்தில் மட்டும் நுண்கிளிப் போட்டால் ஈரலில் சுமார் 70% அடைபடும். சரியாக விழுந்தால் அந்த மடல்கள் உடனே வெளிறிப்போகும், குடல் நிறம் மாறாது. குடல் கருத்தால் கிளிப் கீழே இறங்கி குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் முழு போர்ட்டல் நாளத்தையும் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அந்த எலியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 60 நிமிடம் கழித்துக் கிளிப்பை எடுங்கள். ஷாம் எலிக்கும் (கிளிப் மட்டும் போடாத ஒப்பீட்டு எலி) வயிற்றைத் திறந்து அதே நேரம் மயக்கத்தில் வையுங்கள், ஐசோஃப்ளூரேனே ஓரளவு ஈரலைக் காக்கும்.

பெரும்பாலான பொய்ப் பலன் வெப்பத்தில்தான் பிறக்கிறது. மயங்கிய எலி வேகமாகக் குளிரும். குளிர்ந்த ஈரல் மருந்தே இல்லாமல் தப்பிக்கும். மார்கழிக் காலையில் மருந்துக் குழுவையும், சித்திரை மதியத்தில் கட்டுப்பாட்டுக் குழுவையும் செய்தால், கிடைப்பது எச்.ஜி.எஃப். பலனல்ல, பருவத்தின் பலன். ஆசனவாய் வெப்பமானியை வைத்து 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் பிடியுங்கள். வெதுவெதுப்பான சலைனில் (உப்புக் கரைசல்) நனைத்த சல்லடைத் துணியால் ஈரலை மூடி, மேலே பிளாஸ்டிக் தாள் போடுங்கள். வெப்பமெத்தையை யூ.பி.எஸ்.ஸில் செருகுங்கள், கரண்ட் போன ஐந்து நிமிடத்தில் ஒரு நாள் வேலை கெட்டுவிடும். ஒரே நாளில் எல்லாக் குழுவிலிருந்தும் எலி எடுங்கள்.

எப்போது ஊசி? கிளிப் இருக்கையில் போட்டால் அடைபட்ட மடலுக்குப் போகவே போகாது. ரத்தத்திலிருந்து எச்.ஜி.எஃப்.ஐ நீக்குவதில் ஈரலுக்கே பெரும்பங்கு. திறந்திருக்கும் 30% அதை விழுங்கிவிடும், சில நிமிடங்களே அது ரத்தத்தில் நிற்கும். ஆகவே கிளிப்புக்கு 5 நிமிடம் முன், அல்லது எடுத்த உடனே. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் எச்.ஜி.எஃப்.ஐப் பிடித்துக்கொள்ளும், போட்டால் எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவு.

6 மணி நேரம் கழித்து ரத்தமெடுத்து, ஈரல் சேதமானால் ஏறும் ஏ.எல்.டி. நொதியைப் பாருங்கள். சீரம் சிவந்திருந்தால் ஏ.எஸ்.டி. என்ற இன்னொரு நொதியை நம்பாதீர்கள், உடைந்த சிவப்பணுவும் அதை ஏற்றும். அடைபட்ட இடது மடலில் எப்போதும் ஒரே இடத்துத் துண்டை 10% ஃபார்மலினில் போட்டு, எது எந்தக் குழு என்று தெரியாதவரிடம் சுசுகி மதிப்பெண் (நுண்ணோக்கியில் ஈரல் சேதத்தை அளவிடும் முறை) போடக் கொடுங்கள்.