லிவிங் டிரஸ்ட் எழுதிய பிறகும் வீடு புரோபேட்டுக்குப் போவது ஏன்? கலிஃபோர்னியாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவில் ஒருவர் இறந்து, அவருடைய 15 லட்சம் டாலர் வீடு புரோபேட்டுக்கு, அதாவது இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்கு மாற்றும் நீதிமன்ற நடைமுறைக்குப் போனால், வழக்கறிஞருக்கான கட்டணத்தின் உச்சவரம்பைச் சட்டமே சொல்கிறது: முதல் ஒரு லட்சத்துக்கு 4 சதவீதம், அடுத்த லட்சத்துக்கு 3, அதற்கடுத்த 8 லட்சத்துக்கு 2, அதற்கு மேல் ஒரு கோடி வரை 1 சதவீதம். கூட்டினால் 28,000 டாலர். உயிலை நிறைவேற்றும் எக்ஸிக்யூட்டரும் அதே அளவு கேட்கலாம், ஆக 56,000. வீட்டுக் கடன் 9 லட்சம் பாக்கி இருந்தாலும் இது குறையாது, கடனைக் கழிக்காத முழு மதிப்பின் மேல்தான் கணக்கு. முடிய ஒரு வருடம் ஆவது சாதாரணம். உயில் இருந்தால் இதெல்லாம் வராது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. உயிலை நிறைவேற்றும் வழியே புரோபேட்தான்.

இதைத் தவிர்க்கத்தான் லிவிங் டிரஸ்ட்: உயிரோடு இருக்கும்போதே சொத்தை டிரஸ்டுக்குள் வைத்து, பிறகு அது யாருக்கு என்று எழுதிவைக்கும் ஏற்பாடு. ஆனால் கையெழுத்துப் போட்டுக் கோப்பை அலமாரியில் வைத்தால் மட்டும் டிரஸ்ட் வேலை செய்யாது. சொத்து டிரஸ்டுக்குள் போயிருக்க வேண்டும். வீடு இன்னும் உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால், டிரஸ்ட் ஆவணம் எத்தனை பக்கம் இருந்தும் பயனில்லை. எல்லாத் தவறுகளிலும் பெரிய தவறு இதுதான்.

வீட்டை மாற்றப் புதிய பத்திரம் எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டு, வீடு இருக்கும் கவுண்டியின் ரெக்கார்டர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பத்திரத்தில் "இன்ன குடும்ப டிரஸ்ட்" என்று மட்டும் எழுதாதீர்கள். "இன்ன தேதியிட்ட இன்ன டிரஸ்டின் டிரஸ்டிகளாக இன்னார், இன்னார்" என்று வர வேண்டும், ஏனென்றால் டிரஸ்டை நிர்வகிக்கும் டிரஸ்டிதான் சட்டப்படி சொத்தை வைத்திருப்பவர். கூடவே உரிமை மாற்ற அறிக்கைப் படிவத்தில், திரும்பப் பெறக்கூடிய டிரஸ்டுக்கு மாற்றுகிறோம் என்ற கட்டத்தைக் குறிக்க வேண்டும். அப்போது சொத்து வரி மறுமதிப்பீடு வராது. கடன் கொடுத்த வங்கி முழுப் பணத்தையும் உடனே கேட்குமோ என்ற பயமும் வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் வீட்டை, நீங்களே பயனாளியாக இருக்கும் டிரஸ்டுக்கு மாற்றினால் அப்படிக் கேட்க முடியாது என்று 1982ஆம் ஆண்டின் கார்ன்-செயின்ட் ஜெர்மைன் சட்டம் சொல்கிறது. வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மட்டும் சொல்லி, டிரஸ்டி பெயரைப் பாலிசியில் சேர்த்துவிடுங்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் பெயரில் இருக்கிறது. வீடு வாங்கிய பத்திரத்தில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயர், குடியுரிமை வாங்கியபோது இன்னொரு வடிவம். பழைய பத்திரத்தில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ, புதிய பத்திரத்தில் கொடுப்பவர் பெயர் அப்படியே தொடங்க வேண்டும். மற்ற வடிவங்களை "என்றும் அழைக்கப்படும்" என்று சேர்க்கலாம். இதைக் கவனிக்காவிட்டால் பிள்ளைகள் வீட்டை விற்கும்போது, உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி விற்பனையை நிறுத்திவிடும்.

அடுத்தது ரீஃபைனான்ஸ், அதாவது புதிய கடன் வாங்கிப் பழைய வீட்டுக் கடனை அடைப்பது. சில கடன் நிறுவனங்கள் வீட்டை டிரஸ்டிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லும். கடன் முடிவானதும் அதைத் திரும்ப டிரஸ்டுக்குள் போடுவது யார் வேலை என்று யாரும் சொல்வதில்லை. அது உங்கள் வேலை. வட்டி குறைந்தபோது ரீஃபைனான்ஸ் செய்தவர்கள் இன்றே தங்கள் கடைசிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

மாற்ற மறந்தே ஒருவர் இறந்துவிட்டால், டிரஸ்ட் ஆவணத்தின் சொத்துப் பட்டியலில் அந்த வீடு குறிப்பிடப்பட்டிருந்தால் ஹெக்ஸ்டாட் மனு என்று ஒன்று போடலாம். 1993இல் வந்த தீர்ப்பின் பெயர் அது. முழு புரோபேட்டை விடச் சுலபம், ஆனாலும் நீதிமன்றம்தான். எனவே பட்டியலில் வீட்டு முகவரியை எழுதாமல் விடாதீர்கள்.

401கே, ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகளுக்கு நேர்மாறான விதி. இவற்றை டிரஸ்ட் பெயருக்கு மாற்றவே கூடாது. ஐ.ஆர்.ஏ.வின் உரிமையை மாற்றினால் முழுப் பணத்தையும் எடுத்ததாகக் கருதி வருமான வரி கேட்பார்கள். உங்களுக்குப் பிறகு பணம் யாருக்கு என்று எழுதிக்கொடுக்கும் பெனிஃபிசியரி படிவத்தின்படி இவை போகும். முதல் வேலையில் சேர்ந்தபோது அம்மா பெயரை எழுதி, கல்யாணத்துக்குப் பிறகும் ஐ.ஆர்.ஏ. படிவத்தை மாற்றாதவர்கள் ஏராளம். உயிலில் என்ன எழுதியிருந்தாலும் படிவம்தான் ஜெயிக்கும். சின்னக் குழந்தையின் பெயரை நேரடியாக எழுதுவதும் தவறு, பணத்தைக் கவனிக்க நீதிமன்றம் கார்டியனை நியமிக்க வேண்டிவரலாம், 18 வயதில் மொத்தமும் கைக்கு வந்துவிடும். துணைவரை முதலிலும், குழந்தைகளுக்கான டிரஸ்டை இரண்டாவதாகவும் எழுதுவது வழக்கம்.

"டிரஸ்ட் எதற்கு, பத்திரத்தில் பையன் பெயரைச் சேர்த்தால் போதுமே" என்பது செலவு வைக்கும் யோசனை. நீங்கள் 4 லட்சத்துக்கு வாங்கிய வீடு இன்று 15 லட்சம். டிரஸ்ட் வழியாக உங்கள் காலத்துக்குப் பிறகு பையனுக்குப் போனால், வரிக் கணக்கில் அவன் வாங்கிய விலை அன்றைய சந்தை மதிப்பு. உயிரோடு இருக்கும்போதே பாதியைக் கொடுத்தால், அந்தப் பாதிக்கு உங்கள் பழைய 2 லட்சமே அவன் விலை. விற்கும்போது மீதிக்கு மூலதன ஆதாய வரி. தவிர, அவனுடைய கடன்காரர்களும் விவாகரத்து வழக்கும் உங்கள் வீட்டு வாசலுக்கு வரலாம்.

அண்ணனோ அக்காவோ கோயம்புத்தூரில் இருக்கிறார்கள், நம்பிக்கையானவர்கள், அவர்களையே அடுத்த டிரஸ்டியாகப் போடலாம் என்று தோன்றும். அவர் அமெரிக்கக் குடிமகனோ வரிச் சட்டப்படி அமெரிக்கவாசியோ இல்லையென்றால், உங்களுக்குப் பிறகு முக்கிய முடிவுகள் அவர் கைக்குப் போகும்போது டிரஸ்ட் வெளிநாட்டு டிரஸ்ட் ஆகிவிடும். வெளிநாட்டு டிரஸ்டுக்கான 3520, 3520-ஏ வரிப் படிவங்களும் கடுமையான அபராதங்களும் பின்தொடரும். அமெரிக்காவில் இருக்கும் நண்பரையோ தொழில்முறை டிரஸ்டியையோ போடுங்கள். குழந்தைகளை வளர்க்கும் கார்டியனாக யார் இருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. அந்தப் பெயரை உயிலில் எழுதுங்கள். அந்த உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். நோட்டரி முத்திரை சாட்சிகளுக்கு ஈடாகாது.

ஊரில் உள்ள வீடு, மனைக்கு இந்தியச் சொத்துக்கென்று தனி உயில் எழுதுங்கள், அதற்கும் இரண்டு சாட்சிகள் தேவை. பின்னால் எழுதும் உயிலில் "இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்" என்ற வழக்கமான வரி அப்படியே இருந்தால் மற்ற நாட்டு உயில் செல்லாமல் போகக்கூடும். ஒவ்வொரு உயிலிலும் அது எந்த நாட்டுச் சொத்தை மட்டும் பற்றியது, எந்த உயிலை ரத்து செய்யவில்லை என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.