ஃப்ரெட்லெஸ் பேஸில் சுருதி எங்கே விலகுகிறது?

சாதாரண பேஸ் கிட்டாரில் ஃப்ரெட்டுக்கு, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகத் துண்டுக்கு, சற்றுப் பின்னால் விரலை அழுத்தினால் போதும், சுரத்தை அந்த உலோகத் துண்டு பார்த்துக்கொள்ளும். அதே கைப்பழக்கத்தோடு, ஃப்ரெட்டே இல்லாத ஃப்ரெட்லெஸ் பேஸை வாசித்தால் எல்லாச் சுரமும் கொஞ்சம் இறங்கியே ஒலிக்கும். இங்கே விரல் நுனி, ஃப்ரெட் இருந்திருக்க வேண்டிய இடத்தைக் காட்டும் கோட்டின் மேலேயே உட்கார வேண்டும். 34 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்) உள்ள பேஸில் 12-வது கோட்டருகே ஒரு மில்லிமீட்டர் தவறினால் சுமார் 4 சென்ட் விலகும் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட் பக்கம் அதில் பாதிதான். ஆக, மேல் சுரங்களுக்குப் போகப் போக விரலுக்கு இடம் கொடுக்காது.

கோடு பார்த்து வாசிப்பதைச் சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். அதைக் கண்டுகொள்ள வேண்டாம். ஃப்ரெட்லெஸ் பேஸுக்குப் பேர்போன ஜாகோ பாஸ்டோரியஸின் பேஸிலேயே ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிய இடத்தில் கோடுகள் இருந்தன. கோட்டைப் பார்ப்பதற்காகக் கிட்டாரை மல்லாத்திப் பிடிப்பதுதான் வம்பு: மணிக்கட்டு வளையும், விரல் கோணலாக விழும். கழுத்தின் பக்கவாட்டில் உள்ள புள்ளிகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். சில பேஸ்களில் அவை சுரத்தின் இடத்திலேயே இருக்கும், சிலவற்றில் இரண்டு இடங்களுக்கு நடுவில். 12-வது இடத்து ஹார்மோனிக்கை (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியை) ஒலிக்கவிட்டு, அங்கேயே அழுத்தியும் வாசித்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் விரலைத் திட்டாமல் முதலில் பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலைச் சரிசெய்யுங்கள்.

ட்யூனர் முள்ளையே பார்த்துக்கொண்டு பயிற்சி செய்வது இன்னொரு தவறு. கண் தேறும், காது தேறாது. செல்போனில் தம்புரா ஆப்பை ஏ சுருதியில் ஓடவிட்டு, டி கம்பியில் இரண்டாவது இடத்து ஈ சுரத்தை, அதாவது பஞ்சமத்தை, நீட்டி வாசியுங்கள். விலகி இருந்தால் ஒலியில் அலை அலையாக ஒரு நடுக்கம் கேட்கும். விரலை மயிரிழை நகர்த்தினால் அது மெதுவாகிக் கரைந்துவிடும். அந்தர காந்தாரத்தில் மட்டும் உஷார்! தம்புராவோடு இழையும் காந்தாரம் கீபோர்டின் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் குறைவு. பக்கத்தில் கீபோர்டு ஒலித்தால் அதோடுதான் சேர வேண்டும்.

அப்புறம், ஒவ்வொரு சுரத்தையும் கீழிருந்து வழுக்கிப் பிடிப்பதும், விழுந்ததும் விரலை ஆட்டுவதும். கேட்க அழகுதான், ஆனால் பாதிப் பேர் அதைத் தப்பை மறைக்கத்தான் செய்கிறார்கள். ஒரு பாட்டை அசைவே இல்லாமல் வாசித்துப் பதிவு செய்து கேளுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். அசைக்கும்போதும் கம்பியின் நீளவாக்கில் உருட்டுங்கள். குறுக்கே இழுத்தால் சுருதி ஏறத்தான் செய்யும்.

ஃப்ரெட்லெஸ் கிட்டாரில் இடைவெளி இன்னும் குறுகல். திறந்த சி மேஜர் போன்ற கார்டில் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) மூன்று விரல்களும் அதனதன் இடத்தில் துல்லியமாக விழுவது லேசில் நடக்காது. இரண்டு சுரங்களோடு நிறுத்திக்கொண்டு, மூன்றாவதைப் பக்கத்தில் வாசிப்பவரிடம் விட்டுவிடலாம்.