பழைய காசநோய்க் கடிதங்களைச் சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் காசநோயாளிகளின் பழைய கடிதங்களைத் தேடி இப்போது கல்லூரிப் பிள்ளைகள் போகிறார்கள். சந்தோஷம். ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் பண்ணிய அதே தப்புகள் மறுபடி நடக்கின்றன. தூசி, கரையான் பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

கடிதத்தை எடுத்து, சீட்டை விட்டுவிடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. அந்தக் கால வீடுகளில் கடிதங்களைக் கம்பியில் குத்தி மாட்டியிருப்பார்கள். அடியில் பழையது, மேலே புதியது. தாம்பரத்திலோ மதனபள்ளி ஆரோக்கியவரத்திலோ சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகள் தங்கி வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியில், படுத்திருப்பவருக்கு வீட்டிலிருந்து மணியார்டர் போகும். பணம் வாங்கியவர் கையெழுத்துப் போட்ட ஒப்புகைச் சீட்டு திரும்பி வரும். அதுவும் அதே கம்பியில் ஏறும்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு வீட்டில், ஒரு மாணவர் நீளமான கடிதங்களை மட்டும் உருவிக்கொண்டு வந்தார். எல்லாவற்றிலும் நலம், நலமறிய அவா, எடை கூடியிருக்கிறது, பாலும் முட்டையும் தருகிறார்கள். நோயாளி வேறு எப்படி எழுதுவார்? வீட்டில் படிக்கத் தெரியாது. தபால்காரரோ பக்கத்து வீட்டுப் பையனோ திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். தெருவே கேட்கும்.

கடிதங்களோடு ஒட்டிக்கொண்டு இரண்டு சீட்டுகள் வந்திருந்தன. ஒன்றில் அழகான கையெழுத்து. அடுத்ததில் பெருவிரல் ரேகை. எழுதத் தெரிந்த மனிதர் ரேகை வைத்திருக்கிறார் என்றால் பேனா பிடிக்கத் தெம்பில்லை என்றுதானே எண்ணத் தோன்றுகிறது? அப்படியானால் அந்த மாதம் எடை கூடியதாக வந்த கடிதத்தை யார் எழுதியது? பணம் எப்போது குறைந்தது, எப்போது நின்றது? மீதிச் சீட்டுகள் சொல்லியிருக்கும். திரும்பப் போவதற்குள் போகியில் எரித்துவிட்டார்கள்.

கடிதம் நின்றால் ஆள் போய்விட்டார் என்று எழுதுவது

சென்னையில் 1956-ல் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் போலவே குணமாகும் என்று 1959-ல் காட்டியது. அப்புறம் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுவது பெருகியது. வீட்டில் இருப்பவர் யாருக்குக் கடிதம் எழுதுவார்?

லேமினேஷன்

வேண்டவே வேண்டாம்.

'சேலம் ஜில்லா' என்றதும் ஒதுக்குவது

தருமபுரி மாவட்டம் பிறந்தது 1965-ல். கிருஷ்ணகிரி தனியானது 2004-ல். 1965-க்கு முந்தைய முகவரிகளை 'சேலம் ஜில்லா' என்றுதான் எழுதினார்கள்.

பெயரோடு வெளியிடுவது

வீட்டாரே சம்மதித்தாலும் பெயரையும் ஊரையும் மறைத்துவிடுங்கள். அந்தக் குடும்பத்தில் கல்யாணத்துக்குப் பேத்திகள் இருப்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் இன்றும் இதையெல்லாம் விசாரிக்கிறார்கள்.