இதய ரத்த ஓட்டத்தை நிரலால் அளக்கும்போது: வேகத்துக்கு முன் கவனிக்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் பக்கம் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் இதய நோய் அதிகம். அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) எடுக்கத் துணைக்குப் போன பிள்ளைகள், கணினி படிக்கும்போது "இதை நிரலே அளக்கட்டுமே" என்று ஆராய்ச்சிக்கு வருகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் பலர் முதல் நாளே எத்தனை கோர் (கணினிச் சில்லுக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), எத்தனை மடங்கு வேகம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அளவு சரியா என்று பார்ப்பது கடைசிக்குப் போய்விடுகிறது.

ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் வெளியேறுகிறது? இதயத்தின் இடது கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் வழியின் குறுக்குப் பரப்பை, அந்தத் துடிப்பில் ரத்தம் நகர்ந்த தூரத்தால் பெருக்க வேண்டும். அந்த வழியின் விட்டம் 2 செ.மீ., தூரம் 20 செ.மீ. என்றால் சுமார் 63 மி.லி. நிரல் படத்தில் அந்த வழியின் விளிம்பைச் சற்றே உள்ளே தள்ளிப் பிடித்து 1.8 செ.மீ. என்று எடுத்தால் 51 மி.லி.தான். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் 4.4 லிட்டர் 3.6 லிட்டராகிவிடும். விட்டம் வர்க்கமாவதால் வரும் வினை இது. வெறும் 2 மில்லிமீட்டரில், நன்றாக இருக்கும் இதயம் பலவீனமான இதயமாகத் தெரிகிறது.

டாப்ளர் கோணமும் அப்படித்தான். ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாற்றத்தை வைத்து அதன் வேகத்தை அளப்பதுதான் டாப்ளர். ஒலிக் கதிர் ரத்த ஓட்டத்துக்கு 20 பாகை சாய்ந்தால் வேகம் 6 சதவீதம் குறைவாகத் தெரியும். சாய்வால் வேகம் கூடித் தெரிவதே இல்லை. அதனால் எத்தனை அளவுகளைச் சராசரி எடுத்தாலும் இந்தப் பிழை கழியாது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு வேறு. சில நோயாளிகளின் வீடியோக்களிலிருந்து ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து, மொத்தமாகக் குலுக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிப்பது. ஒரே இதயம் இரண்டு பக்கமும் வந்துவிடும். நிரல் ஏற்கெனவே பார்த்த ஆளை அடையாளம் கண்டு நல்ல மதிப்பெண் வாங்கும்; புது நோயாளியிடம் தடுமாறும். பிரிப்பதென்றால் ஆள்வாரியாகப் பிரியுங்கள்.

அப்புறம் வேகம். விளிம்பைத் தேடும் நியூரல் நெட்வொர்க்குக்குள் (படங்களைப் பார்த்துப் பழகும் நிரல்) நடப்பது பெரும்பாலும் அணிப் பெருக்கல், அதாவது எண் அட்டவணைகளைப் பெருக்குவது. அதை நீங்களே எழுத வேண்டாம். நன்கு தீட்டப்பட்ட லைப்ரரிகள் (பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகள்) இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல, கேட்காமலே கோருக்கு ஒரு த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைச் சரடு) திறக்கும். கேப் டவுனில் இருக்கும் லெங்காவ் சூப்பர் கம்ப்யூட்டரில் சாதாரண நோடு (உள்ளே இருக்கும் தனிக் கணினி) ஒன்றுக்கு 24 கோர்கள். அங்கே 24 நிரல்களை ஓட்டி, ஒவ்வொன்றும் 24 த்ரெட் திறந்தால், 576 த்ரெட்கள் 24 கோர்களுக்கு முட்டி மோதும். நான் இதில் ஒரு வாரத்தை இழந்தேன். வேலையில் 5 சதவீதம் வரிசையாகத்தான் நடக்கும் என்றால், எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்கைத் தாண்ட முடியாது என்பது 1967-லேயே கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் காட்டிய வழியில் வரும் கணக்கு.

பல த்ரெட்கள் வேலையைப் பகிர்ந்தால் எண்களைக் கூட்டும் வரிசை மாறலாம்; அது மாறினால் பின்ன எண்களின் விடையும் துளி மாறும். சரி, பரவாயில்லை. ஒற்றைத் துல்லியத்தில் (சுமார் ஏழு இலக்கம் வரை வைத்துக்கொள்ளும் முறை) ஏழாவது இலக்கம் மாறினால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டாவது இலக்கமே மாறினால், இரண்டு த்ரெட்கள் ஒரே இடத்தில் எழுதுகின்றனவா என்று அன்றைக்கே தேடுங்கள்.